எச்ஐவி டெஸ்ட் ‘நெகட்டிவ்’... சரி, எத்தனையாவது நாளில் எடுத்தீங்க?

“டெஸ்ட் எடுத்துட்டேன். நெகட்டிவ்னு வந்துடுச்சு. இனிமே பயம் இல்லைதானே?”

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: “சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆச்சு?”

ஐந்தாவது நாள் வந்த நெகட்டிவும், ஐம்பதாவது நாள் வந்த நெகட்டிவும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அர்த்தம் வேறு. எச்ஐவி பரிசோதனை நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்லாது. சில வாரங்களுக்கு முன்பு உடம்பில் என்ன நிலைமை இருந்தது என்பதைத்தான் சொல்லும்.

குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏராளம். வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஷிப்ட் வேலை, வீட்டில் பேச முடியாத விஷயம். பாதுகாப்பற்ற உடலுறவோ, ஆணுறை கிழிந்ததோ, ஆஸ்பத்திரி வேலையில் ஊசி குத்தியதோ, ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது. உடனே கை போனுக்குப் போகும். மறுநாள் காலை பக்கத்து லேபில் ரத்தம் கொடுப்பார்கள். சாயங்காலம் ‘நெகட்டிவ்’ என்று மெசேஜ் வரும். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

இதில் இரண்டு நஷ்டம் இருக்கிறது. ஒன்று, அந்த ரிசல்ட் அந்தச் சம்பவத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. இரண்டாவது, அதைவிடப் பெரியது: தொற்றைத் தடுக்கக்கூடிய மருந்துக்கான நேரம் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் 72 மணி நேரம்: லேப் அல்ல, டாக்டர்

அந்த மருந்துக்குப் பெயர் ‘பெப்’. வைரஸ் உடம்புக்குள் நுழைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்த பிறகு, அது நிலைத்துவிடாமல் தடுக்கக் கொடுக்கும் சிகிச்சை. எச்ஐவி உள்ளவர்களுக்குத் தினமும் கொடுக்கும் அதே வகை மருந்துகள்தான். இந்தியாவில் பெரியவர்களுக்குப் பொதுவாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்று, மொத்தம் 28 நாள்.

நிபந்தனை ஒன்றுதான்: 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே. ‘மூணு நாள் இருக்கே’ என்று தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு மணி நேரம் தாமதிக்கும்போதும் மருந்தின் பலன் குறைகிறது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் பயன் இல்லை.

இந்தக் கட்டத்திலும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஆனால் அதன் நோக்கம் வேறு. ஏற்கெனவே எச்ஐவி இருக்கிறதா, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. ஹெபடைடிஸ் பி முக்கியம். ஏனென்றால் இதே மாத்திரை அந்த வைரஸையும் அடக்கும். அது இருப்பவர்கள் 28-ஆம் நாளில் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அதற்காக ரிசல்ட் வரும்வரை முதல் மாத்திரையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

அரசு மருத்துவமனைகளில் பெப் மருந்து முக்கியமாக ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களையும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் மனதில் வைத்து ஏற்பாடு செய்யப்பட்டது. மற்றவர்களும் ஏஆர்டி மையம் உள்ள பெரிய அரசு மருத்துவமனையில் போய்க் கேட்கலாம். தனியார் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் வெளியிலும் வாங்கலாம். சீட்டு இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றால், முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக உடனே கொடுப்பது அரசு, தனியார் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா மருத்துவமனைகளின் சட்டபூர்வக் கடமை. ‘முதல்ல போலீஸ்ல புகார் கொடுத்துட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாது.

‘விண்டோ பீரியட்’ என்பது என்ன?

வைரஸ் உள்ளே போன முதல் பத்து நாள் வாக்கில் ரத்தத்தில் எதுவுமே தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த டெஸ்ட்டானாலும் இதே கதைதான். வைரஸ் சத்தமில்லாமல் திசுக்களில் பெருகிக்கொண்டிருக்கும்.

அதன்பிறகு மூன்று தடயங்கள் வரிசையாக ரத்தத்தில் தலைகாட்டும். முதலில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ. அடுத்து வைரஸின் புரதமான ‘பி24’. கடைசியாக, அந்த வைரஸை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி. எந்த டெஸ்ட் எந்தத் தடயத்தைத் தேடுகிறது என்பதைப் பொறுத்துதான் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு.

தொற்று ஏற்பட்ட நாளுக்கும், டெஸ்ட்டில் அது தெரியவரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் விண்டோ பீரியட். இந்தக் காலத்தில் ரிசல்ட் நெகட்டிவ் என்று வரும். ஆனால் அந்த நபரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று பரவ முடியும். சொல்லப்போனால், ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் நாட்களில் இதுவும் அடக்கம்.

எந்த டெஸ்ட்டுக்கு எத்தனை நாள்?

லேபில் ‘எச்ஐவி டெஸ்ட்’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது. எந்த வகை என்று கேளுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து கணக்கு இப்படி:

• ஆர்என்ஏ டெஸ்ட் (லேபில் பிசிஆர், நாட் என்றும் சொல்வார்கள்): 10 முதல் 33 நாளில் தொற்றைக் காட்டும். விலை அதிகம். இது மட்டுமே நெகட்டிவ் என்பதை வைத்து விஷயத்தை முடித்துக்கொள்ளக் கூடாது.

• நான்காம் தலைமுறை டெஸ்ட், கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்வது: 18 முதல் 45 நாள். பி24, ஆன்டிபாடி இரண்டையும் தேடும்.

• அதே நான்காம் தலைமுறை டெஸ்ட், விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில்: 18 முதல் 90 நாள்.

• ஆன்டிபாடியை மட்டும் தேடும் டெஸ்ட், பெரும்பாலான ரேபிட் கிட்கள் உட்பட: 23 முதல் 90 நாள்.

இந்த எண்களைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘18 முதல் 45 நாள்’ என்றால் 18-ஆம் நாள் எடுத்தாலே போதும் என்று அர்த்தம் இல்லை. தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் 18-ஆம் நாள் வாக்கில் அந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். 45-ஆம் நாளில் சுமார் 99 சதவீதம் பேருக்குக் காட்டிவிடும். அதனால் நிம்மதிக்கு நம்ப வேண்டியது முதல் எண்ணை அல்ல, கடைசி எண்ணை.

நூறு டெஸ்ட் சேர்ந்த ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜில் எச்ஐவியும் இருந்தது என்றால், அது எந்த வகை என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ‘ஆன்டிஜென், ஆன்டிபாடி’ இரண்டும் எழுதியிருந்தால் நான்காம் தலைமுறை. ஆன்டிபாடி மட்டும் என்றால் 90 நாள் கணக்கு. ‘சிடி4’ எண்ணிக்கை என்பது தொற்றைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டே அல்ல. அதை எடுத்துப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

ஒரு காலண்டர் கணக்கு

ஜனவரி 3, சனிக்கிழமை இரவு சம்பவம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம்.

பெப் ஆரம்பிக்கக் கடைசி நேரம் ஜனவரி 6, செவ்வாய் இரவு. அன்று எடுக்கும் டெஸ்ட் பழைய நிலையை மட்டும் சொல்லும். பெப் எடுக்கவில்லை என்றால், லேபில் நரம்பு ரத்தத்தில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட்டுக்கு பிப்ரவரி 17. அன்று நெகட்டிவ் என்றால் பெருமளவு நிம்மதி அடையலாம். ஆன்டிபாடி ரேபிட் டெஸ்ட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஏப்ரல் 3 வரை பொறுக்க வேண்டும். அந்தத் தேதியில் எந்த வகை டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும், இந்தச் சம்பவத்துக்கான பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இடையில் புதிதாக வேறு சம்பவம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. நடந்திருந்தால், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

பெப் எடுத்தவர்களுக்கு இந்த 45 நாள் கணக்கு பொருந்தாது. மருந்து வைரஸை அடக்குவதால், தொற்று இருந்தாலும் தடயங்கள் தாமதமாக வெளியே வரலாம். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று டாக்டர் வரச்சொல்லும் தேதிகளை விடாமல் போய்ப் பார்க்க வேண்டும். எச்ஐவி வராமல் இருக்க முன்கூட்டியே ‘பிரெப்’ மாத்திரை எடுப்பவர்களும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

“காய்ச்சல் வந்துச்சு, அதுவா இருக்குமோ?”

தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, நெறி கட்டுதல் வரலாம். சிலருக்கு எதுவுமே வராது. பிரச்சினை என்னவென்றால், டெங்குவிலிருந்து சாதாரண வைரஸ் காய்ச்சல் வரை எல்லாவற்றிலும் இதே அறிகுறிகள்தான். ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் தெரியப்போவதில்லை. அறிகுறி வந்தாலும் வராவிட்டாலும், பதில் சொல்வது உரிய நாளில் எடுக்கும் டெஸ்ட் மட்டும்தான்.

பயத்தைக் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள்ள ஒரு எண்: எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, மருத்துவப் பணியாளர் ஒருவரைக் குத்தினால், பெப் எடுக்காவிட்டாலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. அலட்சியப்படுத்தக்கூடிய ஆபத்து இல்லை. அதே நேரம், ‘எல்லாம் முடிஞ்சுபோச்சு’ என்று நினைக்க வேண்டிய நிலைமையும் இல்லை. கொசுக்கடி, சேர்ந்து சாப்பிடுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது இவற்றால் எச்ஐவி பரவாது. இதற்கெல்லாம் டெஸ்ட் தேவையே இல்லை.

ஒரு ‘பாசிட்டிவ்’ ஏன் போதாது?

இந்தியாவில் பெரியவர்களில் எச்ஐவி உள்ளோர் ஏறக்குறைய 0.2 சதவீதம். 10,000 பேரை டெஸ்ட் செய்தால், உண்மையில் தொற்று இருப்பவர்கள் சுமார் 20 பேர். அந்த டெஸ்ட், தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டெஸ்ட்தான். ஆனாலும் மீதி 9,980 பேரில் அரை சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டும். மொத்தம் 70 பாசிட்டிவ், அதில் 20 மட்டுமே உண்மை!

அதனால்தான் அரசு மையங்களில் ஒரே டெஸ்ட்டை நம்பி யாருக்கும் பாசிட்டிவ் என்று சொல்வதில்லை. முதல் டெஸ்ட்டில் ஏதாவது தெரிந்தால், வேறு வேறு வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு கிட்களில் செய்து பார்ப்பார்கள். மூன்றும் ஒன்றுபோல் சொன்னால்தான் பாசிட்டிவ். முரண்பட்டால், சில வாரம் கழித்து மறுபடி வரச்சொல்வார்கள். ஆன்லைனில் வாங்கிய கிட்டிலோ, ஒரு தனியார் லேபிலோ பாசிட்டிவ் என்று வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, அரசு மையத்தில் உறுதிப்படுத்திக்கொள்வதுதான்.

மறுபடி மறுபடி சரிபார்க்கும் இந்தப் பழக்கம் இந்தியாவில் எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. அதுவும் சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மாணவி எஸ்.நிர்மலா தன் ஆய்வுக்காகப் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் எலிசா முறையில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது. அப்போதும் அதோடு விடவில்லை. அமெரிக்காவில் வேறொரு முறையில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் செய்தியும் ஒரே டெஸ்ட்டை நம்பி வெளிவந்ததல்ல.

சாத்தூரில் தவறியது எது?

டெஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ரிசல்ட் உரியவரைப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் தமிழ்நாடு அதைப் பார்த்தது.

கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைக் கொடுத்தவருக்கு எச்ஐவி இருந்தது. 2016-இல் அவர் ரத்த தானம் செய்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் அவருக்குச் சொல்லப்படவில்லை. 2018-இல் உதவும் எண்ணத்தோடு மறுபடி ரத்தம் கொடுத்தார். இந்த முறை ரத்த வங்கியில் தொற்று கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்டது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே உண்மை தெரிந்தது. தெரிந்ததும் தானாகவே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. குற்றவுணர்ச்சியில் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2018 டிசம்பர் 30 அன்று அவர் இறந்தபோது வயது இருபதைக்கூடத் தாண்டவில்லை.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு தெரியவந்தது. பிறந்த குழந்தைக்குச் சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட் உதவாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தாயின் ஆன்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம் என்பதால், தொற்று இல்லாத குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால் வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் டெஸ்ட் செய்வார்கள். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் உத்தரவிட்டது.

நமக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் தேவை. முதலாவது, டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட்டைக் கையில் வாங்குங்கள். ‘கூப்பிடலையே, அப்போ ஒண்ணும் இருக்காது’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது, சந்தேகம் இருக்கும்போது ‘அங்கே எப்படியும் டெஸ்ட் பண்ணுவாங்களே’ என்று ரத்த தான முகாமுக்குப் போகாதீர்கள். விண்டோ பீரியட்டில் இருக்கும் ரத்தம் ரத்த வங்கியின் பரிசோதனையிலும் தப்பிவிடலாம். ஆபீஸ் முகாமில் நண்பர்கள் வற்புறுத்தினால், ‘மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் தனி மையம் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். டெஸ்ட் இலவசம். ரத்தம் எடுப்பதற்கு முன்பும், ரிசல்ட் சொல்லும்போதும் ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார். எத்தனையாவது நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்ற கணக்கை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

குத்தம்பாக்கத்திலிருந்து கிளம்பினால் பூந்தமல்லி நெடுஞ்சாலை நேராக நகரத்துக்குள் கொண்டுபோய் விடும். ஏஆர்டி மையங்கள் உள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அதே சாலையில்தான் இருக்கின்றன. 72 மணி நேரக் கணக்கில் பார்த்தால் அது ஒன்றும் தூரமே இல்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச உதவி எண் 1097-ஐ அழைக்கலாம். மனம் ரொம்பவே கலங்கிப்போயிருந்தால் 104-ஐ அழைத்தும் பேசலாம்.

‘வெளியே தெரிஞ்சுடுமோ’ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. உங்கள் நிலையை மற்றவர்களிடம் வெளியிடக் கூடாது. வேலையில் சேர்க்க எச்ஐவி டெஸ்ட்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது. எச்ஐவி இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது.

கடைசியில் பாசிட்டிவ் என்றே உறுதியானால்? 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ஏஆர்டி சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். ஆரம்பத்திலேயே தொடங்கிய மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2017 முதல் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக் காத்திருக்காமல், உறுதியான எல்லோருக்குமே மருந்து கொடுக்கிறார்கள். மருந்தை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்கு அது பரவாது. வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் சாத்தியம்தான்.

அதனால் சம்பவம் நடந்த தேதியையும் நேரத்தையும் முதலில் போனில் குறித்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் இப்போதே டாக்டரிடம் கிளம்புங்கள். தாண்டிவிட்டது என்றால் 45-ஆம் நாளுக்கும் 90-ஆம் நாளுக்கும் ரிமைண்டர் வையுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் உடலுறவு வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம்.